தனியாகக் கேட்கவும்

ஜூன் 9, ஞாயிறு

இந்த டைரி ஆபீசில் ஜனவரியில் கொடுத்தது. இத்தனை நாள் மிக்சிக்கு அடியில் கிடந்தது. பேச ஆள் இல்லாததால் இன்று எடுத்தேன். அத்தை இருக்கிறார்தான். ஆனால் அத்தையோடு பேசுவது என்றால் கேட்டுக்கொண்டிருப்பது என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் கனிசியுஸ் கப்பல் ஏறி மூன்று வாரம் ஆகிறது. சரக்குக் கப்பலில் சமையல்காரர், ஒன்பது மாத ஒப்பந்தம். பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் பாதி இப்படியே போனது. வீட்டில் நானும் அவருடைய அம்மாவான அத்தையும், மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு பழைய மோட்டாரும். மூவரில் யார் அதிகம் சத்தம் போடுவது என்பதில் போட்டி உண்டு.

இன்று கப்பலிலிருந்து முதல் மெயில் வந்தது. "நலம். கடல் அமைதி. அம்மாவுக்கு வயிறு சரியாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்."

எல்லோரும் என்றால் கப்பலே. கேப்டன் பெயரில் ஒரே ஒரு மெயில் பெட்டி. வருவதை எல்லாம் பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு அறை மேசையில் வைத்துவிடுவார்களாம், யாருடையதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் தப்பலாம் என்று நினைத்தேன். கப்பலில் பாதிப் பேர் தூத்துக்குடிக்காரர்கள் என்பது மறந்துபோனது.

"என் வயித்தால போறது சூயஸ் கால்வாய் வரைக்கும் போயிட்டு" என்றார் அத்தை. கோபமா பெருமையா என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

கொழும்பிலிருந்து பேசும்போது அவர் ஒன்று சொல்லியிருந்தார்: "வீட்டுச் சத்தம் கேக்காம ஒறக்கமே வரலளா."

இன்று ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று யோசனை வந்தது. வீட்டுச் சத்தங்களைப் பதிவு செய்து, ஒரு பக்கத்தில் வரிசையாகத் தலைப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் லிங்க் கொடுத்து அனுப்பினால் என்ன? இதுதானே என் பிழைப்பே. துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் ஆபீசில் ஒவ்வொரு சரக்குக்கும் பில், இன்சூரன்ஸ், சுங்கத் தாள் என்று ஒரு மூட்டை காகிதம் உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டு, வரிக்கு வரி லிங்க் கொடுப்பது நான். அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். முதலாளி தன் அறையில் அழுத்தினாலும் திறக்கும், மாடியில் முத்துமாலை அண்ணன் அழுத்தினாலும் திறக்கும். இத்தனை வருடத்தில் ஒரு லிங்க் திறக்கவில்லை என்று யாரும் என்னிடம் வந்ததில்லை. ஊரில் மற்றவர்கள் கோலத்தில் கெட்டிக்காரிகள், நான் இதில்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து நாள் முழுக்க இதே வேலை. போனில் பதிவு செய்து லேப்டாப்பில் ஏற்றினேன். கடுகு வெடிப்பது. மோட்டார் ஓடுவது. அத்தை மீன்காரரிடம் பேரம் பேசுவது (மீன்காரர் பாவம்). பக்கத்து வீட்டு மிக்சி. உப்பு லாரி தெரு முக்கில் திரும்புவது. எதிர்வீட்டுப் பயல்கள் பந்துக்கு அடித்துக்கொள்வது. மழை இல்லை, அதனால் வாளியில் குழாய்த் தண்ணீர். எட்டாவது நான் பாடிய பாட்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒன்பதாவதுதான் கஷ்டம். அத்தை காதில் விழக்கூடாது என்று மொட்டைமாடிக்குப் போய், மோட்டாரையும் ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்று பேசினேன். எத்தனை முறை அழித்து அழித்துப் பேசினேன் என்று எண்ணவில்லை. கடைசியில் நின்றது இது:

"ஏங்க, ஆஸ்பத்திரி எல்லாம் போதும்னு எனக்குத் தோணிட்டு. ஒரு பிள்ளைய எடுத்து வளக்கணும்னு ஆசையா இருக்கு. சிஸ்டர் லியோனி இல்லத்துல போயி விசாரிச்சேன், பேர மட்டும் குறிச்சி வச்சிருக்காவ. ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் பதிவு பண்ணுவாவளாம். செப்டம்பருக்குள்ள சொல்லணும். உங்களுக்கு இஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் புரிஞ்சிக்கிடுவேன். பொறகு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

நேரில் சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் அண்ணன் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சை எடுத்தான். அவர் கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போனவர், அண்ணன் ஊருக்குப் போகும்வரை மேசைக்குத் திரும்பவில்லை. தங்கமான மனுஷன். ஆனால் பிடிக்காத பேச்சு என்றால் வாயில் கொழுக்கட்டைதான். மெயிலில் எழுதினால் கப்பல் படிக்கும். போனில் சொன்னால் பக்கத்தில் அத்தை. குரலை ஒளித்து அனுப்புவதுதான் வழி.

ஒன்பதாவதுக்குத் தலைப்பு: தனியாகக் கேட்கவும்.

ஜூன் 17, திங்கள்

அனுப்பிவிட்டேன். கப்பல் மெயிலில் பெரிய பைல் போகாது என்று பயந்தேன். என்ன ஆச்சரியம், இத்தனை சத்தத்தையும் வைத்துக்கொண்டு பக்கம் ஒரு பாஸ்போர்ட் போட்டோ அளவுகூட இல்லை! அத்தையின் தொண்டை மட்டுமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அனுப்பும் முன் எல்லா லிங்கையும் என் லேப்டாப்பில் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் திறந்தது.

ஜூன் 21, வெள்ளி

"கிடைத்தது. எல்லாம் அருமை. அம்மாவும் மீன்காரரும் பேசியதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்."

ஒன்பதாவதைப் பற்றி ஒன்றும் இல்லை. பொது மெயிலில் எப்படி எழுதுவார்? போனில் சொல்வார்.

ஜூன் 29, சனி

பஜாரில் ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கினேன், இளநீலம். துணி ஊறப்போட. விலை குறைத்துப் போட்டிருந்தார்கள்.

"துணி ஊறப்போட இது காணாதேட்டி" என்றார் அத்தை. சின்னத் துணிக்கு என்றேன்.

ஜூலை 3, புதன்

சிங்கப்பூரிலிருந்து போன். அத்தை சேரை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாம் கேட்டியளா?"

"கேட்டேன்ளா. தெனமும் கேக்கேன்."

"ஒம்பதாவது?"

தொண்டையைச் செருமினார். பிறகு சிரித்தார். கல்யாணமான புதிதில் சிரிப்பாரே, அந்த மாதிரி வெட்கச் சிரிப்பு.

"அதுவுந்தான். நீ போட்டிருந்த மாதிரி தனியாத்தான் கேட்டேன்."

"பொறகு?"

"பொறகு என்ன? நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாட்ட குடு, கார்டு தீரப்போவுது."

நல்லா இருந்ததாம்.

ஜூலை 4

மோட்டார் ஓடவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

யோசிக்க நாள் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தது அத்தை பக்கத்தில் இருக்கிறாரே என்று சமாளிக்க. இன்று மெயில்: "நேற்று சூரை மீன் குழம்பு வைத்தேன். கேப்டனே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்."

சாப்பிடட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது இல்லத்து வழியாக வந்தேன். அந்த வழிதான் நிழல்.

ஜூலை 20, சனி

இஷ்டம் இல்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான். நான் சொன்னபடி அவர் நடந்திருக்கிறார். இதில் கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று நினைக்கட்டும், அது அவர் மனசு. அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சிரிக்கலாம்? நல்லா இருந்துச்சு என்று சொல்ல அது என்ன கச்சேரியா?

சிஸ்டர் லியோனியைப் பார்த்து, பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உள்ளே ஏதோ குழந்தை தட்டைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது, ஒரு தாளமும் இல்லாமல்.

"வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டாரா?"

"ஒண்ணும் சொல்லல சிஸ்டர்."

"அப்ப இன்னும் பதில் வரலைல்லா?"

"அதுதான் பதில்."

பஸ்ஸில் ஜன்னல் சீட். உப்பளத்துக் காற்று கண்ணில் கரித்தது.

ஜூலை 22

டப்பில் துணி ஊறப்போட்டேன். அத்தை சொன்னது சரி, காணாது.

ஜூலை 29, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

சனி, ஞாயிறில் ஆபீசின் பொதுக் கணினியை மாற்றினார்கள். எல்லாருடைய பைலும் அதில்தான் இருக்கும், நாங்கள் உட்கார்ந்திருப்பதெல்லாம் அதோடு கம்பியில் கட்டியவை. மாற்றுவதற்கு காயல்பட்டினத்திலிருந்து பெனசிர் என்ற பெண் வந்திருந்தாள். சின்ன வயசு, கம்ப்யூட்டர் கம்பெனி அவளுடையது, வாய் ஓயாது. காலையில் நான் பட்டியலைத் திறந்து ஒரு லிங்கை அழுத்தினேன். குறிப்பிட்ட பைலைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. அடுத்தது. அதுவும் இல்லை. இத்தனை வருடமாக நான் போட்ட லிங்க் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மாடியிலிருந்து முத்துமாலை அண்ணன், "ஏ ஜெனோவா, உன் சாம்ராஜ்யம் சரிஞ்சிட்டே!" என்று கத்தினார்.

பெனசிர் வந்து பார்த்தாள். "பழைய டிரைவ் பேரு மாறிட்டுல்லாக்கா, அதான். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருவேன்."

"டிரைவ் மாறினா என்ன? பைல் எல்லாம் இந்தப் பக்கத்துக்குள்ளதான இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கக்கா உள்ள இருக்கு? லிங்குங்கது வெறும் அட்ரஸ்." மவுஸை ஒரு வரியின் மேல் கொண்டுபோய் அழுத்தாமல் வைத்தாள். சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. அதில் டிரைவ் பெயர், போல்டர் பெயர், கடைசியில் பைல் பெயர். "இந்தா, இந்த இடத்துல போயி பாருன்னு சொல்லுது, அவ்வளவுதான். சரக்கு பக்கத்துல கிடையாது. ஒங்க எல்லா கம்ப்யூட்டரும் ஒரே குடோன்ல போயி எடுக்குறதால இம்புட்டு நாளும் தெரியல. இதே பக்கத்த வெளிய யாருக்காவது அனுப்பிப் பாருங்க, ஒண்ணுகூட தொறக்காது."

"வெளிய அனுப்பினா?"

"ஒண்ணுகூட."

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அத்தையையும் கேட்கவில்லை, மோட்டாரையும் கேட்கவில்லை. அந்தக் கப்பலில் ஒன்பது தலைப்பு மட்டும் போயிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனுஷன் தினமும் கேட்கிறேன் என்று புளுகியிருக்கிறார்!

முதலில் சிரித்தேன். பிறகு சிஸ்டரிடம் போய் நின்றது ஞாபகம் வந்தது. பிறகு நன்றாக அழுதேன். காற்று ஒன்றும் இல்லை, பாத்ரூமில் ஏது காற்று.

ஜூலை 30, செவ்வாய்

ஆபீஸ் விட்டு இல்லத்துக்கு ஓடினேன். பெயரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "எடுத்தாத்தான சேக்கணும்" என்றார் சிஸ்டர். "நான் எடுக்கல. பதில் வரட்டும்னு வச்சிருந்தேன்."

ஆகஸ்ட் 5, திங்கள்

கப்பல் ஒரு சீனத் துறைமுகத்தில். போன் வந்தது. அத்தை குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒம்பதாவதுல நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"அது... நீ சொன்னதுதான்."

"அதான் என்ன சொன்னேன்?"

"போன்ல எப்பிடிளா சொல்ல, பின்னால ஆளு நிக்கான்."

"அஞ்சாவது என்ன?"

"உப்பு லாரி." தலைப்பு மனப்பாடம்.

"எந்தப் பக்கம் திரும்புது? ஆர்ன் அடிச்சுதா இல்லியா?"

 பின்னால் கிரேன் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் தொறக்கல ஜெனோ. நான் அமுக்காத நாள் இல்ல. நீ அம்புட்டு கஷ்டப்பட்டு பண்ணியிருக்க, தொறக்கலன்னு சொன்னா வாடிப்போவியன்னு நெனச்சேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம்னா, தனியாகக் கேட்கவும்னு வேற போட்டு வச்சிருக்க. எவன்ட்ட காட்ட?"

ஒன்பதாவது ஏதோ கொஞ்சல் என்று நினைத்திருக்கிறார். அதுதான் அந்த வெட்கச் சிரிப்பு. இத்தனை நாள் அந்தச் சிரிப்பை வைத்து நான் அவரை எத்தனை திட்டுத் திட்டினேன்! அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போனைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"அதுல என்னளா இருக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தை குளித்து முடிக்கவில்லை, வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் கேட்டு, அந்தப் பக்கம் வெறும் கிரேன் சத்தம் மட்டும் வந்தால்? அதைக் காதில் வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

"தொறக்குற மாதிரி அனுப்புதேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 10, சனி

பெனசிரைக் கூப்பிட்டு வீட்டில் டீயும் முறுக்கும் கொடுத்தேன். முறுக்குத் தட்டைக் காலி செய்துகொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

"முழு அட்ரஸும் எழுதாதீங்கக்கா. டி டிரைவ், அந்த போல்டர், இந்த போல்டர்னு எழுதினா ஊர் மாறினதும் செல்லாது. பக்கத்து வீடுன்னு மட்டும் எழுதுங்க. தெருவையே தூக்கிட்டுப் போயி எந்த ஊர்ல எறக்கினாலும் பக்கத்து வீடு பக்கத்துலதான இருக்கும்?"

அதாவது பக்கமும் பாட்டும் பேச்சும் எல்லாம் ஒரே போல்டரில் இருக்க வேண்டும். லிங்கில் டிரைவ் பெயரே வரக்கூடாது, பைலின் பெயர் மட்டும். போல்டரை முழுசாகத்தான் கொடுக்க வேண்டும், மெயிலில் போகாது, பென் டிரைவ்தான். பைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் ஆங்கில எழுத்து.

எல்லாம் செய்துவிட்டு, பென் டிரைவை என் லேப்டாப்பில் சொருகி அழுத்தினேன். திறந்தது! குதித்தேன்.

"இதுல தொறக்குறது ஒரு பரீட்சையாக்கா?" என்றாள் பெனசிர். என் லேப்டாப்பில் இருந்த பழைய போல்டரின் பெயரை மாற்றினாள். திரும்ப அழுத்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. இதுவரை அது பென் டிரைவைப் பார்க்கவே இல்லை, என் வீட்டிலேயே எடுத்து எனக்கே காட்டிக்கொண்டிருந்தது. லிங்க் அத்தனையையும் அழித்துப் புதிதாகக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஊரெல்லாம் பரீட்சை. பெனசிரின் லேப்டாப்பில் திறந்தது. முத்துமாலை அண்ணன் வீட்டுக் கணினியில் திறந்தது. அண்ணனின் மனைவி அத்தையின் பேரத்தை இரண்டு முறை கேட்டு, "இந்த மீன்காரர் எங்க தெருவுக்கு வரவே மாட்டேங்காரு" என்றார். ஒன்பதாவதை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரிலும் திறந்தது, ஆனால் அங்கிருந்து வைரஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சீதனத்தோடு திரும்பி வந்த பெண் மாதிரி. கழுவித் துடைத்துத் திரும்பவும் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பழைய ஒன்பதாவதை இன்று முழுசாகக் கேட்டேன். இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். எவ்வளவு பெருந்தன்மை! அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். பயந்தாங்கொள்ளி.

அழித்துவிட்டு வேறு பேசினேன். முன்னே சொன்னது எல்லாம் சொன்னேன், கடைசியை மட்டும் மாற்றினேன். "வேண்டாம்னாலும் வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன். சும்மா மட்டும் இருந்துராதிய. நீங்க சும்மா இருந்தா நான் என்னென்னவோ நெனச்சிக்கிடுதேன்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புன்னைக்காயல் அமலன் அதே கப்பலில் வேலைக்கு ஏறப்போகிறார், சிங்கப்பூரில். கனிசியுஸுக்கு முன்பே பழக்கம். அவர் வீட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் மக்ரூனும் பென் டிரைவும் கொடுத்தேன்.

"மக்ரூன் போய்ச் சேரும்னு சத்தியம் பண்ண மாட்டேன் தங்கச்சி. இது சேரும்" என்று பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டினார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மெயில்: "அமலன் வந்து சேர்ந்தார். சாமான் கிடைத்தது. நாளை கப்பல் கிளம்புகிறது."

சாமான் என்று எழுதியிருக்கிறார். கப்பலுக்குத் தெரியாமல் இருக்க. இதுவரை நல்லது.

செப்டம்பர் 6

மெயில் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதாவின் பிறந்தநாள். கோயிலில் கூட்டம். நான் என்ன வேண்டினேன் என்று எழுதப் போவதில்லை, தெரிந்ததுதானே.

மெயில் இல்லை. மத்தியானம் தட்டில் வைத்த மீனை அப்படியே ஒதுக்கி வைத்தேன். அத்தை என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதில் வரலையாட்டி?"

"எதுக்கு?"

"அதான், பிள்ள எடுக்குறதுக்கு."

எனக்குப் புரையேறிவிட்டது. அத்தை தலையில் தட்டினார்.

"மோட்டார ஓட விட்டுட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல கத்தினா எனக்கென்ன, தெருவுக்கே கேக்கும். ஜூன் மாசமே கேட்டுட்டேன். போன மாசம் திரும்பக் கத்தினிய, அதுவும் கேட்டேன்."

"அப்ப ஏன் அத்தை ஒண்ணும் சொல்லல?"

"என்ட்டயா கேட்ட?"

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். நான் அத்தையைப் பற்றி இந்த டைரியில் எழுதியதை எல்லாம் அவர் படிக்க மாட்டார் என்பது ஒரு நிம்மதி. படித்தாலும் சிரிப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"அவன் சும்மா இருக்கான்னா வேண்டாம்னு இல்லட்டி" என்றார் தட்டைக் கழுவும்போது. "அவனுக்கு வாய் வாறதுக்கு நாளாவும். பேசவே மூணு வயசாச்சு."

செப்டம்பர் 11

இல்லை.

செப்டம்பர் 13

இல்லை. ஆபீசில் ஒரு பில்லுக்கு வேறொரு கம்பெனியின் தாளை லிங்க் கொடுத்துவிட்டேன். முதலாளி தானே திருத்திக்கொண்டார். முத்துமாலை அண்ணன்தான் டீ வாங்கித் தந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் மெயில் வந்து கிடக்கிறது. "நீ செய்தது போலவே நானும் செய்து அனுப்பியிருக்கிறேன். அமலனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். நாளானதற்குக் கோபிக்காதே." கூடவே ஒரு பக்கம் இணைத்திருந்தது. தம்மாத்துண்டு.

திறந்தேன். வெள்ளைப் பக்கத்தில் நீல எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை, அடிக்கோட்டோடு: பதில்.

அழுத்தினேன். குறிப்பிட்ட பைலைத் திறக்க முடியவில்லை.

திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதே. பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்! குரல் கப்பலில் இருக்கிறது, அட்ரஸ் என் கையில் இருக்கிறது. நான் ஜூனில் செய்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். இனி அடுத்த துறைமுகம், அடுத்த போன், அதுவரை நான் என்ன செய்வேன்? லேப்டாப்பைத் தூக்கி அந்த டப்பிலேயே ஊறப்போடலாம் போல வந்தது. ஆமா என்றாரா, இல்லை என்றாரா? இந்த ஒரு வார்த்தையைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம்தான் மவுஸை அழுத்தாமல் அதன் மேல் வைத்தேன். சின்னப் பெட்டி எழுந்தது. சி டிரைவ், கப்பல்காரர்களின் போல்டர், அதற்குள் கனி என்று ஒரு போல்டர். கடைசியில் பைலின் பெயர். தமிழை ஆங்கில எழுத்தில், நடுவில் இடம்கூட விடாமல் அடித்திருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

நம்மபிள்ளைக்குஅப்பாபேசுறேன்.

மவுஸை எடுத்தால் பெட்டி மறைந்துவிடுகிறது. அதனால் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. சந்தோஷத்தில் நெஞ்சு வலிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றுதான் வலித்தது.

அத்தை வந்து பின்னால் நின்றார். "என்னட்டி சொல்லுதான்?"

"சரின்னுட்டாவ."

"எங்க, எனக்கும் போடு. அவன் சத்தத்தக் கேட்டு எத்தன நாளாச்சு."

"கேக்க முடியாது அத்தை. இங்க தொறக்காது. தொறந்தாலும் அது நமக்கு இல்ல."

"பொறகு யாருக்கு?"

படித்துக் காட்டினேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

பதில் போட்டேன். கப்பலே படிக்கட்டும் என்று எழுதினேன்: "லிங்க் திறக்கவில்லை. பதில் கிடைத்தது. அந்தப் பைலை அழித்துவிடாதீர்கள், வரும்போது பென் டிரைவில் கொண்டுவாருங்கள். கேட்க வேண்டியவர் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்."

நாளைக்கு ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இல்லத்துக்குப் போகிறேன். சிஸ்டர் பத்து மணிக்கு மேல்தான் இருப்பார். அத்தையும் வருகிறாராம், இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார்.